ஈயமும் பாலும் எழுத்தும்

அச்செழுத்து வார்க்கக் காரீயம் மட்டும் போதாது. காரீயம் மென்மையானது, தாள்மேல் தாளாக அழுத்த அழுத்த முனை மழுங்கிவிடும். அதனால் கடினத்துக்கு ஆண்டிமனி சேர்ப்பார்கள். கலவை ஆறும்போது சுருங்கி உருவம் கெடாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். மூன்றாவதாகச் சேர்வது வெள்ளீயம். லினோடைப் இயந்திரக் கலவையில் அது நூற்றுக்கு நான்கு பங்குதான். கையால் கோக்கும் எழுத்துகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். பங்கு சிறிது, வேலை பெரிது. மற்ற இரண்டையும் இறுகப் பிணைத்து, உருகிய கலவையை வார்ப்பச்சின் கடைசி மூலைவரை ஓடவைப்பது வெள்ளீயம். ழகரத்தின் வாலும் ஞகரத்தின் உள்மடிப்பும் கூர்மை கெடாமல் வந்து விழுவது அதனால்தான்.

19ஆம் நூற்றாண்டு முடியும்போது உலகத்துக்குக் கிடைத்த வெள்ளீயத்தில் ஏறக்குறையப் பாதி மலாய் மாநிலங்களிலிருந்து போனது. அவற்றில் முதலிடம் பேராக்குக்கு. பேராக்கில் முதலிடம் கிந்தா பள்ளத்தாக்குக்கு. எங்கள் ஊர்ப் பேச்சில் வெள்ளீயத்துக்கு வெறும் ஈயம் என்றே பெயர், தோண்டும் இடம் ஈயலம்பம். ஈப்போ நகரம் எழுந்ததே அந்த ஈயக் காசில்தான். சீனத் தொழிலாளிகள் அலசியெடுத்த மண் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் உருகிக் கட்டியாகிக் கப்பலேறியது. பெரும்பகுதி தகர டப்பாக்களுக்கு முலாம் பூசப் போனது, அச்சுக்கூடங்களுக்குப் போனது சொற்பம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அந்தக் காலத்து அச்சுக்கூடம் ஒன்றில், அது லண்டனோ சென்னையோ, ஒரு கேஸ் எழுத்தை அள்ளினால் அதில் கிந்தாவின் மண் துளியாவது இருந்திருக்கும் என்று நினைப்பதில் தப்பில்லை.

ரப்பரின் கதை இதைவிட விசித்திரம். கோலகங்சாரில் 1877இல் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ நட்ட கன்றுகளில் ஒன்று இன்னும் மரமாக நிற்கிறது என்று வேலி போட்டுக் காட்டுகிறார்கள். அந்தச் சில கன்றுகளுக்குப் பின்னால் வந்தவைதான் சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா, தெலுக் இந்தான் வட்டாரத்துத் தோட்டங்கள். அவற்றுக்குப் பின்னால் வந்தவர்கள் தமிழர்களாகிய நாம். மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலைக் காண்டா வாளியில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் ஊற்றினால், அமிலம் சேர்த்து உறையவைத்து உருளைகளுக்கிடையே கொடுப்பார்கள். கடைசி உருளையில் வரிவரியாகக் கோடு வெட்டியிருக்கும். புகைக்கூண்டில் தொங்கும் தாளுக்குக் காற்றும் சூடும் படும் பரப்பு கூடினால் சீக்கிரம் உலரும், அதற்கான கோடு அது. பல தோட்டங்களில் அந்த உருளையிலேயே தோட்டத்தின் முத்திரையையும் வெட்டியிருந்தார்கள். உருளையில் இடவலம் மாறி, ரப்பர் தாளில் நேராக விழும் எழுத்து. உலர்ந்த தாள்களை நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள பேலாக அமுக்கி, வெட்டுத் தகடு வைத்துக் கறுப்பு மையால் பெயரும் எண்ணும் தீட்டுவார்கள். அச்சுக்கலையின் அத்தனை கூறும் அங்கே இருந்தன: அச்சு, அழுத்தம், மை, பரப்பு. எழுத்து மட்டும் ஆங்கிலம். அதை அழுத்தியவர்களில் பலருக்கு அதை வாசிக்கத் தெரியாது.

தாளாகப் போன ரப்பர் அச்சுக்கூடத்துக்குள்ளும் நுழைந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஐரா ரூபெல் என்ற அச்சுக்காரர் கல்லச்சு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தபோது ஒரு தாள் உள்ளே போகத் தவறியது. மை நேராக ரப்பர் போர்த்திய உருளையில் விழுந்தது. அடுத்து வந்த தாளின் பின்பக்கத்தில் அந்த ரப்பரிலிருந்து படிந்த படம், முன்பக்கத்துப் படத்தைவிடத் துல்லியமாக இருந்தது. ஆஃப்செட் அச்சு அந்தத் தவறிய தாளில் பிறந்தது. ரப்பர் இளகி வளைந்து கொடுக்கும். சொரசொரப்பான தாளின் மேடுபள்ளங்களிலும் மை இறங்கும். அடுத்த எழுபது, எண்பது ஆண்டுகளில் அந்த ரப்பர் உருளை ஈய எழுத்தையே அச்சுக்கூடத்தைவிட்டுத் துரத்திவிட்டது. இதே மாநிலத்திலிருந்து போன இரண்டு சரக்குகளில் ஒன்று மற்றொன்றுக்கு வேலையில்லாமல் செய்தது. 1985 அக்டோபரில் லண்டன் சந்தையில் வெள்ளீய விலை சரிந்து கிந்தாவின் ஈயலம்பங்கள் வரிசையாக மூடப்பட்டதற்கும் இதற்கும் நேர்த் தொடர்பில்லை. ஆனால் இங்குள்ள தமிழ் அச்சகங்கள் எழுத்துக் கேஸ்களைப் பழைய உலோக விலைக்குப் போட்டதும் கிட்டத்தட்ட அந்தக் காலம்தான். தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டிய டிடி5 என்ற ஈயம் வாரும் கப்பல் 1982இல் நின்றது, இன்று சுற்றுலாக்காரர்களுக்கான காட்சிப்பொருள். ஒரு தமிழ் எழுத்துக் கேஸையும் அப்படி யாராவது எடுத்து வைத்திருக்கலாம்.

உலகத்தின் எழுத்துக்குக் கலவையும் உருளையும் இங்கிருந்து போயின. இங்கே வாழ்ந்த தமிழர்களுக்கு எழுத்து வெளியிலிருந்து வந்தது. கோலாலம்பூரில் 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசனும் சிங்கப்பூரில் 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் ரயிலேறிப் பேராக் தோட்டங்களுக்கு வந்தன. ஒரு தாளைப் பத்துப் பேர் வாசித்தார்கள், அல்லது ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். அந்தத் தாளின் எழுத்து யாருக்காக வடித்தது, எந்த வெளிச்சத்தில் வாசிக்க வடித்தது என்று யாரும் கேட்டதில்லை. லயத்து வாசலில் மண்ணெண்ணெய் விளக்கில், அதிகாலைப் பெரட்டுக்குப் போய் வந்த கண்களால் வாசிப்பார்கள் என்று நினைத்து யாரும் எழுத்து வார்க்கவில்லை.

உள்ளூர்த் தேவையைப் பார்த்து எழுத்து வார்த்த காரியம் ஒன்று தமிழ் அச்சின் தொடக்க காலத்தில் நடந்திருக்கிறது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களில் அச்சானபோது எழுத்து கோவாவிலும் கொல்லத்திலும் வார்த்தது. பின்னால் 1713 வாக்கில் தரங்கம்பாடிக்கு ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்த தமிழ் எழுத்தோ மிகப் பெரியதாக இருந்தது. கப்பலில் வரும் தாளுக்குத் தட்டுப்பாடு. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் தாள் தீர்ந்துபோகும். மிஷனரி சீகன்பால்குவின் கூட்டத்தார் அங்கேயே சிறிய எழுத்தை வார்த்துக்கொண்டார்கள். அதற்குக் காரீயம் எங்கே? இங்கிலாந்திலிருந்து வந்த செஷயர் பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த தகட்டை உருக்கினார்கள். எழுத்தின் அளவை அழகு உணர்ச்சியோ மரபோ தீர்மானிக்கவில்லை, தாளின் கையிருப்பு தீர்மானித்தது. அச்செழுத்துக்கலையின் கோட்பாடுகளாகப் பாடப்புத்தகத்தில் இருப்பவற்றில் முக்கால்வாசி இப்படிப் பற்றாக்குறையில் பிறந்தவை என்பது என் எண்ணம். சமநிலை, இணக்கம், வெள்ளைவெளி என்ற பெயர்களெல்லாம் பின்னால் சூட்டியவை.

தமிழ் எழுத்துக்கு வேண்டியது என்ன? முதலில் செங்குத்து இடம். ஆங்கில வரியில் மேலே நீளும் எழுத்தும் கீழே இறங்கும் எழுத்தும் ஓரளவு அடக்கமானவை. தமிழில் 'கீ' மேலே சுழிக்கும், புள்ளி மேலே உட்காரும், 'ழு', 'கூ', 'ஞு' கீழே இறங்கும். மேல்வரியின் வாலும் கீழ்வரியின் சுழியும் முட்டாமலிருக்க வரிக்கிடையில் கூடுதல் இடம் விட வேண்டும். தாளை மிச்சப்படுத்த நினைத்த செய்தித்தாள்கள் முதலில் கைவைத்தது அந்த இடத்தில்தான். அடுத்தது அகலம். 'ர' ஒல்லி, 'ணை' குண்டு. இரண்டுக்கும் ஒரே இடம் கொடுத்தால் ஒன்று தனியே நிற்கும், மற்றொன்று நெரிபடும். அப்புறம் எழுத்தின் உள்வெளி. 'இ', 'ஞ', 'ஐ' போன்றவற்றின் மடிப்புகளுக்குள் இருக்கும் வெள்ளை, சிறிய அளவில் மை ஊறி அடைபட்டுப்போனால் எழுத்து கறுப்புக் கட்டியாகிவிடும். மலிவான செய்தித்தாளில் மை ஊறத்தான் செய்யும். ஆகவே சிறிய எழுத்துக்கு உள்வெளியைக் கொஞ்சம் மிகையாகவே திறந்து வைக்க வேண்டும். பெரிய எழுத்தை அப்படியே சுருக்கினால் சிறிய எழுத்து கிடைக்காது. வார்ப்படக்காரர்கள் ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக வெட்டியது இதனால்தான்.

தமிழ்நாட்டு அச்சுக்கோப்பவர் ஏறக்குறைய மறந்தே போயிருக்கக்கூடிய சில எழுத்துகள் இங்கே தேய்ந்துபோகும் அளவுக்கு உழைத்தன என்பதையும் சொல்ல வேண்டும். 'ங' வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 'ங்', 'இங்ஙனம்' என்பதில் வரும் 'ங' தவிர மற்றவை பெரும்பாலும் பள்ளி அட்டவணையில் மட்டும் இருக்கும். பேராக் அரசியல் செய்தி எழுத வேண்டுமானால் ஙா கோர் மிங், ஙே கூ ஹாம் என்ற அரசியல்வாதிகளின் பெயர்கள் வேண்டும். 'ஙா'வும் 'ஙே'யும் இல்லாமல் தலைப்பே போட முடியாது. இன்றைக்கும் அழகழகாக வடித்து இலவசமாகக் கிடைக்கும் தமிழ் எழுத்துருக்கள் சிலவற்றில் 'ஙா' தட்டினால், யாரும் கவனித்துத் தீட்டாத ஓர் எழுத்து வந்து நிற்கும். சென்னையில் சோதித்துப் பார்த்த எழுத்துரு ஈப்போவில் சோதிக்கப்படவில்லை என்று அப்போது தெரியும்.

பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் இறங்கி ஈப்போவுக்கும் வந்தார். 1935இல் குடிஅரசில் எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது அவர் சொன்ன காரணங்களில் அச்சுக்கோப்பின் சிரமமும் ஒன்று. தனித்தனியாக வார்க்க வேண்டிய வடிவங்கள் குறைந்தால் கேஸும் குறையும், கற்பவருக்குச் சுமையும் குறையும். தமிழ்நாட்டு அரசு 1978 அக்டோபரில் ஆணையிட்டது, சிங்கப்பூர் 1983இல் ஏற்றது, மலேசியாவும் மாறியது. பள்ளிப்புத்தகம் மாறியது, செய்தித்தாள் மாறியது. நிலைப்படி மாறவில்லை. எண்ணெய்ப்பனைக்கு நடுவே நிற்கும் தோட்டத்து மாரியம்மன் கோயில்களில், பழைய பலகை வீடுகளின் வாசல் மேல், லோரியின் நெற்றியில், 'துணை' என்ற சொல்லின் ணகரத்துக்கு முன்னால் தும்பிக்கை தூக்கிய பழைய ஐகாரத்தை இன்னும் பார்க்கலாம். அதைத் தீட்டியவர்கள் சீர்திருத்தத்துக்கு எதிரிகள் அல்லர். தெய்வத்தின் பெயரோடு வரும் சொல்லை அப்பா தீட்டியபடியே தீட்டினார்கள். தேதி போடாத பலகையின் வயதைக் கணிக்க எனக்கு அந்தத் தும்பிக்கை உதவுவதுண்டு; கோயில் விஷயத்தில் மட்டும் உதவாது.

மலாயாவோடு தொடர்புள்ள இன்னொரு பெயரையும் விட முடியாது. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து, 1907இல் மலாயாவுக்கு வந்து எழுத்தர் வேலை பார்த்தவர் ஆர். முத்தையா. தமிழ்த் தட்டச்சு இயந்திரம் அவருடைய வேலை. 247 எழுத்தை நாற்பத்துச் சொச்சம் விசைகளுக்குள் அடக்க அவர் கண்ட வழி நகரா விசை. புள்ளியைத் தட்டினால் தாள் நகராது. அடுத்துத் தட்டும் மெய் அதற்குக் கீழே வந்து உட்காரும். எழுதும் ஒழுங்குக்கு நேரெதிராக, முதலில் புள்ளி, பிறகு எழுத்து. கைகள் அதையும் பழகிக்கொண்டன. ஆங்கில அலுவலகத்தில் கோப்புகளோடு நாளைக் கழித்த ஒருவருக்குத் தமிழுக்கும் இப்படியொன்று வேண்டும் என்று தோன்றியது தற்செயல் இல்லை. தோட்டத்துக் கிராணியின் மேசைமேல் எப்போதும் இருந்தது ஆங்கிலத் தட்டச்சு. கணக்கு, கடிதம், ஆள்குறைப்பு நோட்டீஸ் எல்லாமே அதில்தான் பிறந்தன.

அச்சு எட்டாத இடத்தில் கை எழுதியது. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றத்திலிருந்து கிளைத்த தோட்டத்து மன்றங்கள் கையெழுத்து ஏடு நடத்தின. ஒரே பிரதி, வீடு வீடாகச் சுற்றும். அட்டையில் தலைப்பு எழுத்துக்குப் பூச்சித்திரம், நிழல், ரெண்டு வண்ண மை. ஒவ்வொரு மன்றத்திலும் 'எழுத்து நல்லா இருக்கும்' ஒருவர் உண்டு. பள்ளி விழாத் துணியும் கோயில் விளம்பரமும் கல்யாணப் பந்தலின் 'நல்வரவு'ம் அவர் தலையில் விழும். அவர்களில் சிலர் பட்டணத்துக்குப் போய்ப் பலகை எழுதுபவர்கள் ஆனார்கள். ஈப்போ லஹாட் சாலை வட்டாரத்திலும் புந்தோங்கிலும் எனாமல் சாயத்தில் அவர்கள் எழுதிய பலகைகள் ஒன்றிரண்டு இன்னும் மிஞ்சியிருக்கின்றன. அருகில் போய்ப் பார்க்க வேண்டும். பலகையின் நீளம் தீரப்போகிறது, சொல்லோ தீரவில்லை. எழுதியவர் என்ன செய்திருக்கிறார்? 'ள்ளி'யின் வட்டங்களை ஒடுக்கியிருக்கிறார், ஆனால் கோட்டின் தடிமனைக் குறைக்கவில்லை. தூரிகையின் அகலம் மாறாததால் ஒடுங்கிய எழுத்தும் மற்றதன் கனத்தோடு நிற்கிறது. கணினியில் அதே வேலையைச் செய்பவர் சொல்லைப் பிடித்துப் பக்கவாட்டில் நசுக்குகிறார். நெட்டுக் கோடெல்லாம் நூலாகிவிடும், படுக்கைக் கோடு மட்டும் தடியாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் எழுத்து இல்லை, அடுக்கிய படுக்கைக் கோடுகள்தான். இந்த நசுக்கல் பேராக்கின் பள்ளிப் பலகைகளிலும் கடைப் பலகைகளிலும் இன்று எங்கும் இருக்கிறது.

நசுக்கலுக்குச் சட்டத்தைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. உள்ளூராட்சி விளம்பர விதிகளின்படி பலகையில் தேசிய மொழி முதன்மையாகவும் மற்ற மொழிகளைவிடப் பெரிதாகவும் இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளிப் பலகையிலும் மலாய் மேலே, தமிழ் கீழே. தோட்டமே இல்லாமல் போய், சுற்றிலும் தாமான் வீடுகள் வந்த பிறகும் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்ற பெயர் மட்டும் மாறாமல் அந்தக் கீழ்வரியில் நிற்பதை மாநிலம் முழுக்கப் பார்க்கலாம். விதி அளவைத்தான் சொல்கிறது. எழுத்தைக் கெடுக்கச் சொல்லவில்லை. சின்ன எழுத்தை வாசிக்கத்தக்கதாக ஆக்கத்தான் இந்தக் கலையே இருக்கிறது: உள்வெளி திறந்த எழுத்துரு, கொஞ்சம் கூடுதல் தடிமன், சொல்லை ஒரே வரியில் திணிக்காமல் இரண்டாகப் பிரித்தல். இந்த மூன்றுக்கும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. நம் குழுக்கள் பலகை அடிக்கும்போது கிராம் கணக்கில் பார்ப்பது அலுமினியத்தை, எழுத்தை அல்ல. அதுதான் எனக்குள்ள மனக்குறை.

பியட்ரிஸ் வார்ட் என்ற அம்மையார் 1930இல் லண்டனில் ஆற்றிய உரை இந்தத் துறையில் வேதம்போலச் சொல்லப்படுவது. நல்ல மதுவைத் தெளிந்த பளிங்குக் கோப்பையில் ஊற்ற வேண்டும், கோப்பை கண்ணில் படக் கூடாது என்பது அதன் சாரம். அச்செழுத்தும் அப்படித் தன்னைக் காட்டிக்கொள்ளாமல் பொருளை மட்டும் காட்ட வேண்டும். பெரும்பான்மை மொழியில் புத்தகம் போடுபவருக்கு இது சரியான போதனை. நாலு மொழிப் பலகையில் நாலாவது வரியாக வரும் எழுத்துக்கு இது சரிவராது. தமிழ் தெரியாத ஒரு லட்சம் பேர் கடந்துபோகும் தெருவில் அந்த எழுத்தின் முதல் வேலை, இங்கே தமிழ் இருக்கிறது என்று காட்டுவது. வாசிப்பு அதற்கு அப்புறம். கண்ணில் படாத கோப்பை நமக்குக் கட்டுப்படியாகாது.

கணினித் தமிழில் மலேசியாவுக்குப் பெருமைப்பட இடமுண்டு. முத்து நெடுமாறன் 1980களின் நடுவில் தொடங்கிய முரசு பின்னால் முரசு அஞ்சலாயிற்று. அவர் வடித்த இணைமதியும் சங்கம் எம்என் எழுத்துருவும் ஆப்பிள் கருவிகளோடு உலகம் சுற்றுகின்றன. மலாயாவுக்கு எழுத்து வெளியிலிருந்து வந்த காலம் போய், இங்கிருந்து வெளியே போகும் காலம் வந்தது. ஆனால் பேனர் கடைக்குள் இன்னும் சிக்கல் தீரவில்லை. யூனிகோடில் 'கெ' என்பது முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில் பதிவாகிறது. திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் பொறுப்பு. வடிவமைப்பு மென்பொருளில் இந்திய எழுத்துக்கான அமைப்பை முடுக்கிவிடாமல் ஒட்டினால், கொம்பு பின்னால் தொங்கும், புள்ளிவட்டம் முளைக்கும், 'கோயில்' மூன்று துண்டாகும். பிழையோடு தொங்கும் பேனரைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் சுற்றவிட்டு, தமிழை அவமதித்துவிட்டார்கள் என்று கொதிப்போம். பெரும்பாலும் அங்கே நடந்தது அவமதிப்பு இல்லை, ஒரு தேர்வுப்பெட்டியில் சொடுக்காமல் விட்டது.

புந்தோங் பக்கம் நான் போகும் பேனர் கடையின் முதலாளி சீனர். தமிழ் பேசுவார், வாசிக்கத் தெரியாது. ஆனால் கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும், எங்கேயாவது வட்டம் வட்டமாக வந்தால் கோளாறு என்பதைக் கண்ணாலேயே கற்றுவைத்திருக்கிறார். அந்த அளவுக்கு அவர் பிழைதிருத்துநர். ஆடி மாதத்தில் ஒருநாள் அவர் திரைக்கு முன்னால் கோயில் குழுவைச் சேர்ந்த அம்மா ஒருவர் நின்றிருந்தார். பேனரில் நடுவே அம்மன் படம், முக்கால்வாசி இடம் அதற்கே. அடியில் மலாயில் ஒரு வரி, அதற்குக் கீழே தமிழில் 'கூழ் வார்த்தல்'.

"தவுக்கே, இந்தக் 'கூ' பாருங்க, வாலு போய் கீழ இருக்கிற கோட்டுல முட்டுது. ஒட்டிக்கிச்சின்னா என்னா எழுத்துன்னே தெரியாது. மேல தூக்குங்க."

"மேல தூக்கினா மலாய் எழுத்துல கெனா, அக்கா."

"அதையும் சேத்துத் தூக்குங்க."

"ரெண்டும் தூக்கினா சாமி கால்ல கெனா."

அந்த அம்மா திரையை இன்னொரு தடவை பார்த்தார்.

"அப்ப சாமியச் சின்னதாக்குங்க."